அருவி இரைச்சலில் கேட்காதது

சுற்றுலாக் கப்பல் கரையில் நிற்கும் ஏழு மணி நேரத்துக்குள் பயணிகளைக் கைகோக்க வைத்து அருவிப் பாறைகளில் ஏற்றிவிடுவார் வழிகாட்டி. அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி ஏறியபடியே வீடியோ எடுப்பது கேமராக்காரரின் வேலை. பதினொரு வருஷத்தில் அந்தப் பாறைகள் அவருக்குக் கால்பாடம்.

அன்று மனைவியின் கையைப் பிடித்துக் கடைசியாக ஏறிய பெரியவர் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கீழே தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

"அந்தப் படத்தை உடனே அழிச்சிடு" என்றார் வீடியோ கம்பெனி மேனேஜர். கேமராக்காரருக்குக் கை வரவில்லை.

சற்று நேரத்தில் பெரியவரின் மனைவி, பாறை ஏற வாடகைக்கு எடுத்த ரப்பர் செருப்பைக்கூடக் கழற்றாமல், கேமராக்காரரைத் தேடி வந்தார்.

"கையை விடறதுக்கு முன்னாடி என்னமோ சொன்னார் தம்பி. தண்ணி சத்தத்துல கேக்கல. இதுல கேக்குமா?"

மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். பெரியவரின் வாய் அசைந்தது. அருவி மட்டும்தான் கேட்டது.

"பரவால்ல, படத்தைக் குடுங்க" என்றார் அந்த அம்மாள்.

கொடுத்ததை மேனேஜரிடம் கேமராக்காரரே சொன்னார். அன்றோடு வேலை போயிற்று. இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறார். யார் வாயைத் திறந்தாலும் மைக்கை மூக்கில் இடிக்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள்.