அத்தானின் 'ஆனா'

என் அக்கா வீட்டுக்காரருக்கு வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவு. தைத்து வரும் சட்டையை விளக்குக்குக் கீழே விரித்து, தொங்கும் நூலையும் கோணிய காலரையும் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கே அவருக்கு 'நொட்டை' என்று பெயர். யாரும் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, நான் சொல்லியிருக்கிறேன். மச்சினிக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

அந்தக் கண்ணைத் தொழிற்சாலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்ததும் துளியூண்டு எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார். அதை மட்டும் தனியாக வாயில் போட்டு, கண்ணை மூடி மெல்லுவார். அக்கா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நிற்பாள். பிறகு தீர்ப்பு வரும். "மீன் நல்லா வெந்திருக்கு. ஆனா புளிப்பு தனியா நிக்குது." "கிழங்கு நல்ல முறுவல். ஆனா உள்ள உப்பு ஏறலை." அந்த 'ஆனா' இல்லாமல் அவர் ஒரு வேளை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆக்கிப் போடுறவ ஒருத்தி, நொட்டை சொல்றவர் ஒருத்தரா? தட்டைப் பிடுங்கிட்டு வாக்கா" என்பேன். அக்கா சிரிப்பாள். மறுநாள் அவள் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தால்தான் அந்தச் சிரிப்பு புரியும். புளிப்பு தனியாக நிற்கிறதா? தக்காளியை நேராகத் தீயில் சுட்டு, தோலை உரித்து, மசித்துச் சேர்ப்பாள். உப்பு ஏறவில்லையா? கிழங்கை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றி, அப்புறம் வறுப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பாத்திரம் தேய்க்கும்போது தோன்றும், துணி காயப்போடும்போது தோன்றும். ஈரக் கையோடு உள்ளே ஓடுவாள். நான் ஆகா ஓகோ என்றால், "நீ கல்லைப் போட்டாலும் சாப்பிடுவே. உன் பேச்சை யாரு எடுத்துக்குவா?" என்பாள். அந்த மனுஷன் வாயை ஒரு நாளாவது அடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்த நாளும் வந்தது. ஒரு மத்தியானம் போன் செய்தாள், குரல் துள்ளியது. "இன்னிக்குக் கீரைடி. முழுசா சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லலை. ஆனாவே இல்ல!" நானும் இந்தப் பக்கம் கைதட்டினேன். அந்த வாரம் முழுக்கக் கீரைதான். அவரும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்.

அதே வாரக் கடைசியில், கூட வேலை செய்பவர் ஒருவர் அத்தானைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமான சட்டைகளை அத்தான் கட்டுக் கட்டாகப் 'பாஸ்' பண்ணி அனுப்பியிருக்கிறார். "வீட்டுல கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் வந்தவர். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். மறதி நோய், போகப் போகக் கூடும், குறையாது என்றார். அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: "நாக்குக்கு ருசி தெரியுமா டாக்டர்?" தெரியும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு அக்காவுக்குச் சமையலே ஓடவில்லை. காய்கறிக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "எதைத் தொட்டாலும் ஒண்ணும் தோண மாட்டேங்குதுடி" என்பாள். அப்புறம் ஒன்று தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம். கிழங்கை வேண்டுமென்றே ஒரு பக்கம் கருகவிட்டாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைக் குழையவிட்டாள். சொல்லவில்லை. மீனுக்கு உப்பே போடவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். ஒரே ஒரு 'ஆனா' வந்துவிட்டால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அதற்குத்தான் அவள் கை தன் சமையலைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா உப்பு ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா? மனுஷனுக்கு ஏதாவது ஆயிடப் போகுது."

"ஒரு வாய்தான். உடனே பிடுங்கிடுவேன்." அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "இதுக்காவது திட்டுவார் பாரு."

கையை விட்டுவிட்டேன். எனக்கும் உள்ளூர அதே ஆசை. அந்த மனுஷன் என் அக்காவைத் திட்ட வேண்டும் என்று நானே வேண்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

அத்தான் முன்னால் தட்டு வந்தது. துளியூண்டு எடுத்தார். தட்டின் ஓரத்தில் வைத்தார். அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அதைத் தனியாக வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். முகம் சுளித்தது. நிச்சயமாகச் சுளித்தது, நான் பார்த்தேன். பிறகு கண்ணைத் திறந்து, அக்காவை நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகச் சிரித்தார்.

"நல்லா இருக்குங்க" என்றார்.

நாக்கு எங்கேயும் போகவில்லை. போனது அக்காதான். சொந்த வீட்டில்தானே குறை சொல்ல முடியும்? விருந்துக்குப் போன இடத்தில் யார் சொல்வார்கள்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எழுதிவைத்த ஆளைக் கூட்டிவந்து அந்தச் சமையலறை வாசலில் நிறுத்த வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டாள். அந்தப் பிடி உப்பைப் போடுவதற்கு முன்பே நல்ல மீனைத் தனியாக எடுத்து மூடி வைத்திருந்திருக்கிறாள். அதை வேறு தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். அவர் மறுபடியும் துளியூண்டு எடுத்து ஓரத்தில் வைத்து மென்றார். அதே சிரிப்பு. "நல்லா இருக்குங்க. உங்களுக்குத்தான் சிரமம்."

அவர் சாப்பிட்டு எழுந்து போன பிறகு எனக்குப் போட்டாள். "நீ சொல்லுடி. இதுல என்ன குறை?"

நானும் துளியூண்டு எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். கண்ணை மூடி மென்றேன்.

"மீன் நல்லா வெந்திருக்குக்கா" என்றேன். "ஆனா..."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அந்த மீனில் ஒரு குறையும் இல்லை. அக்கா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.