கட்டிலில் ஏறாத புத்தகங்கள்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய பாலகாட் லைன் வீட்டில் ஏனோக்குக்கு இருப்பது ஒரே அறை. அதில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, எழுநூறு புத்தகம். பெங்களூருக்கு முப்பது வருடம் ரயிலில் வேலைக்குப் போய்வந்த மனுஷன். பெட்டியில் மற்றவர்கள் சீட்டு ஆடினார்கள், இவர் படித்தார். படித்ததையெல்லாம் வீட்டுக்கும் கொண்டுவந்தார். வைக்க இடம் எங்கே என்று ஒருநாளாவது யோசித்தாரா? ம்ஹூம்.

அந்த யோசனையெல்லாம் மனைவி சலோமிக்குத்தான். தகரப் பெட்டிகளில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவள் அவள். ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள்.

"கட்டில்மேல ஒரு புக்கு ஏறிச்சின்னா, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

சொன்னால் செய்கிற ஆள். ஏனோக் கடைசிவரை பயந்துதான் இருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் சலோமி மாரடைப்பில் இறந்துபோனாள். அவள் படுத்த சுவரோரப் பக்கம் அன்றிலிருந்து காலி. தலையணை உறையைத் துவைத்து மாட்டுவாரே தவிர, அந்தப் பக்கம் புரண்டுகூடப் படுக்கமாட்டார்.

போன கோடையில் அடுத்த வீட்டுக் கதவைக் கறையான் தின்றது. ஏனோக் பதறிப்போனார். சுரங்கத்தில் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டில் புல்லும் முளைக்காது, எறும்பும் ஊராது என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அந்த மண்ணை இரண்டு மூட்டை அள்ளிவந்து பெட்டிகளுக்கு அடியில் பரப்பினார். பெரிய கெட்டிக்காரர் என்று நினைப்பு. கறையான் வரவில்லைதான். ஐப்பசி மழையில் தரை ஓதம் ஏறியது. ஏறிய ஈரத்தை அந்த மண் விடவேயில்லை. ஒருநாள் பெட்டியை இழுத்தால் அடித்தகரம் துருப்பிடித்து மண்ணோடு தங்கிவிட்டது. அதன் அடிவரிசைப் புத்தகங்கள் ஊறிக் கிடந்தன.

பக்கத்து வீட்டு மனோகர் வந்து எட்டிப்பார்த்தான்.

"இன்னாண்ணா இது. வெளிய தூறல் நிக்கல, தரையெல்லாம் ஈரம். கட்டில்ல பாதி சும்மாதான கீது, அங்க விரிச்சி வையுங்க. இன்னிக்கே காய வெக்கலன்னா அத்தினியும் பூஞ்ச புடிச்சிடும்."

"அது சலோமி இடம்பா."

மனோகர் தன் வீட்டுக்குத் திரும்பினான்.

ஏனோக் புத்தகங்களைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பிறகு சலோமியின் தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு புத்தகமாக விரித்து அவள் பக்கத்தில் பரப்பினார். கால்மாடு வரைக்கும் நிறைந்துவிட்டது.

"முப்பது வருசத்துல ஒண்ணுகூட ஏத்தலியே, சலோமி," என்றார். "அப்பவும் போயிட்டியே."