எதுவும் எழுதாத தேதித்தாள்கள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்தில், தையிலிருந்து சித்திரை வரைக்குமான தினசரி காலண்டர் தாள்கள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. காலையில் தாளைக் கிழிப்பது வீட்டில் என் வேலை. எறிய மனம் வராமல் கம்பியில் குத்தி வைப்பேன்.

அம்மாவும் அத்தையும் அப்போது போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்திலிருந்தே அம்மாவுக்கு உடம்பு வலி. ஒருநாள் தோள், மறுநாள் முட்டி, அதற்கடுத்த நாள் தலை சீவ முடியாதபடி கை. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. அதன்பின் வீட்டில் யாரும் அம்மாவை நம்பவில்லை.

விடியலில் ஜீப்பு வந்து நிற்கும். அம்மா முடியவில்லை என்றதும், முன்சீட்டில் இருக்கும் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள்.

"நேத்து தோளு, இன்னைக்கு முட்டியா? வலி என்ன பஸ்சா மதினி, ஸ்டாப்பு ஸ்டாப்பா நின்னு போக?"

ஜீப்பே சிரிக்கும்.

எனக்கும் சந்தேகம்தான். என் பல்வலி தீரும்வரை ஒரே பல்லில்தான் இருந்தது. அம்மாவின் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவது என்று முடிவுசெய்து, ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் அம்மா அன்று வலிப்பதாகச் சொன்ன இடத்தை எழுதினேன். வேலைக்குப் போன நாளில் 'மலை' என்று எழுதினேன். அத்தைக்கு ஏக சந்தோஷம். டாக்டரிடம் போகும்போது மறக்காமல் கொண்டுவரச் சொன்னாள்.

சித்திரையில் அத்தையும் சேர்ந்து தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாரும் கேட்காமலேயே நான் தாள்களை நீட்டினேன். அந்த டாக்டரம்மா அவற்றைத் தேதிவாரியாக மேசையில் பரப்பி வெகுநேரம் பார்த்தார். எழுதாத சில தாள்களைக் காட்டி, அன்றைக்கெல்லாம் வலி இல்லையா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்லைங்க" என்றாள்.

ஒவ்வொரு 'மலை'க்குப் பின்னாலும் இரண்டு நாள் 'எல்லா இடமும்' என்று இருந்ததை டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயரை அன்றுதான் கேட்டோம்.

"வலி உண்மைதாம்மா. ஸ்கேன்ல தெரியாது, அவ்வளவுதான்."

முடிகிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யாமல் பாதியிலேயே நிறுத்த வேண்டும், தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், தூக்கம் கெடக்கூடாது என்றார். அம்மா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெரிய வியாதி போலிருக்கிறது என்று நினைத்து நானும் அழுதேன்.

மறுவாரம் அம்மா வேலைக்குக் கிளம்பியபோது அத்தை முன்சீட்டிலிருந்து இறங்கினாள்.

"இங்கன ஏறு மதினி. பின்னால தூக்கித் தூக்கிப் போடும். மத்தியானத்துக்கு மேல உள்ள சோலிய நான் பாத்துக்கிறேன்."

எழுதாத தாள்கள் மொத்தம் ஆறு; அன்றெல்லாம் அம்மா வலி என்றே சொல்லவில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் நான் ஆடிய நாள், என் பிறந்தநாள், எனக்குக் காய்ச்சல் அடித்த நான்கு நாட்கள். தேனியிலிருந்து வந்ததும் அவற்றை மட்டும் தனியாகக் கோத்து, மேல் தாளில் 'அம்மாவுக்கு வலிக்காத நாட்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன்.