ஒன்றுக்கு அடுத்தது பத்து

அந்தப் பங்குனிப் பொங்கலின் நோட்டீஸ் என்னிடம் இருக்கிறது. ஆண்டு அச்சாகியிருந்த மூலை கிழிந்துவிட்டது. பின்பக்கத்தில் பங்காளிக் கூட்டங்களான பத்து வகையறாக்களின் சாமிப் பாட்டுகளை அப்பா வரிசையாக எழுதியிருக்கிறார். பத்தாவது, எங்கள் தெற்குத் தெருவின் பாட்டு. நான் அப்போது நான்காம் வகுப்பு.

பேரையூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் பொட்டலில் ஒரு வகையறாவின் பாட்டு ஒலித்த பிறகே அவர்கள் அடுப்பில் தீ வைக்கலாம். அவர்கள் பானை பொங்கியதும் அடுத்த பாட்டு. யார் முதல், யார் கடைசி என்பதை ஊர் எப்போதோ தீர்மானித்திருந்தது. எங்கள் முறை வருவதற்குள் உச்சி வெயில் ஏறிவிடும். பொட்டலில் எச்சில் இலைகளும் நாங்களும்தான் மிஞ்சியிருப்போம்.

மைக்செட் அப்பாவுடையது. குறைந்த கூலிக்கு வருவார் என்பதால் ஊர் அவரையே வைத்துக்கொண்டது. கல்யாண வீடுகளுக்குப் பென்டிரைவ் கொண்டுபோய்க்கொண்டிருந்தவர், அந்த ஆண்டுதான் ஊர்ப் பொங்கலுக்கும் அதைச் செருகினார்.

முதல் பானை பொங்கிக் குலவை அடங்கியதும் அடுத்த பாட்டுக்குப் பொத்தானை அழுத்தினார். ஒலித்தது எங்கள் பாட்டு.

"ஏக்கா, இது நம்ம பாட்டுல்ல?" என்றாள் பக்கத்து அடுப்புக்காரி.

"போட்டாச்சுல்ல, தீய வையி. இன்னைக்காச்சும் பிள்ளைக வெயிலுக்கு முன்ன திங்கட்டும்," என்றாள் அம்மா.

தெற்குத் தெரு முழுக்கப் புகை எழுந்தது. பாட்டு முடிவதற்குள் ஊர்ப்பெரியவர் மைக்செட் அருகே வந்துவிட்டார்.

"எவன் சொல்லிடா போட்ட?"

"நான் போடலய்யா. பெட்டி தானா எடுத்துக்கிருச்சு. அதுக்கு ஒண்ணுக்கு அடுத்து ரெண்டு இல்ல, பத்துதான். நம்பர எழுத்தாப் பாக்கும், ஒண்ணுல ஆரம்பிக்கிறத எல்லாம் ஒண்ணாச் சேத்துரும், எண்ணத் தெரியாது."

"எண்ணத் தெரியாத பெட்டிக்கு ஒன் தெரு மட்டும் தெரியுதாக்கும். சரி, கேட்டதும் நிப்பாட்ட வேண்டியதுதான?"

"சாமிப் பாட்டப் பாதியில நிப்பாட்டலாமாய்யா?"

"பாட்ட நிப்பாட்ட வேணாம். தீய நிப்பாட்டு," என்றார் பெரியவர்.

அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். முதலில் அம்மாவின் அடுப்பில் ஊற்றினார். பிறகு மற்ற அடுப்புகளில். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஈர விறகோடு மதியம் வரை காத்திருந்து, கடைசியாகப் பொங்கினோம். மறு ஆண்டு வேறு மைக்செட் வந்தது.

மெஷின் மேல் பழியைப் போட்டுத் தப்பப் பார்த்த கோழை என்று அப்பாவை நெடுநாள் நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் அவருடைய பழைய பென்டிரைவ்களைத் திறந்து பார்த்தேன். கல்யாணப் பாட்டு, காதுகுத்துப் பாட்டு எல்லாவற்றிலும் எண்கள் 01, 02 என்றே தொடங்குகின்றன. அப்படி முன்னால் பூஜ்ஜியம் போட்டால் எந்தப் பெட்டியிலும் வரிசை மாறாது. ஊர்ப் பொங்கலுக்குரிய ஒன்றில் மட்டும் பூஜ்ஜியம் இல்லை.

அவரிடமே கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு இப்ப? சாப்ட்டியா?" என்றார்.

அப்பா இடையில் எப்போதோ பென்டிரைவ் மாற்றி நகலெடுத்ததில் கோப்புகளின் தேதிகள் மாறிவிட்டன. அந்தப் பொங்கலுக்கு முன்பே அப்பாவுக்குப் பூஜ்ஜியம் போடத் தெரியுமா, அதன் பிறகுதான் கற்றுக்கொண்டாரா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.