மூன்று நீள இழுப்பு

உறுமி மேளம் கற்றுக்கொள்ளப் பெண்களும் வரலாம் என்று எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்துச் சுவரில் தாள் ஒட்டியபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. சூப்பர் மார்க்கெட் கல்லாவில் நின்று நின்று கால் வீங்கிப்போயிருந்த காலம். 'இசையில் ஆணும் பெண்ணும் சமம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஐந்து பெண்கள் சேர்ந்தோம். எடுத்த எடுப்பில் எங்கள் கையில் ஜால்ராவைக் கொடுத்தார்கள். எனக்கு உறுமிதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்து இழுத்தால் அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு சத்தம் வருமே, அதற்காகத்தான் நான் போனதே. குழுத் தலைவரை எல்லாரும் அண்ணன் என்போம். அவர் சிரித்துவிட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

வாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோன அம்மா, வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். நான் பின்கட்டில் பழகும்போது முதலில் திட்டித் தீர்த்தார். "பொம்பளைக்கு எதுக்குடி இந்த உறுமலு? பக்கத்து வீட்டு மலாய்க்காரங்க போலீஸ கூப்பிடப் போறாங்க லா!" ஆறு மாதம் போனதும், "இன்னைக்கு இழுப்பு பத்தல, நேத்து நல்லா இருந்துச்சு" என்று கட்டிலில் இருந்தபடியே குறை சொல்ல ஆரம்பித்தார். ஆண்கள் யாராவது வந்து என் உறுமியை வாசித்துப் பார்த்தால், "இது நீ இல்ல" என்பார். என் கையை அவர் காது அப்படித் தெரிந்து வைத்திருந்தது.

எங்கள் ஊர் சிகாமட்டில் ஆறு பொங்கிய அந்த டிசம்பரில், கோயில் அறையில் இருந்த மேளங்களை முழங்கால் தண்ணீரில் தலையில் சுமந்து பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோனது நாங்கள் ஐந்து பேர்தான். ஆண்கள் அவரவர் காரை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெண் தொடலாமா கூடாதா என்று அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து வந்த திருவிழாவில் ஊர்வலத்துக்கு நாங்களும் வாசிப்பது என்று முடிவானது. இருபத்தொரு நாள் விரதம் இருந்தோம். எங்கள் வீடு ஊர்வலப் பாதையிலிருந்து இரண்டு வரிசை உள்ளே. ரதம் அம்மா கண்ணில் படாது, சத்தம் மட்டும் வரும். அதனால் அம்மாவிடம் சொல்லி வைத்தேன்: "மளிகைக் கடை முனைக்கு வந்ததும் மூணு தடவ நீளமா இழுப்பேன். அதுதான் நான், சரியா?"

அம்மா அந்த ஒரு வாரமும் தாதியிடம், கேஸ் கொண்டுவரும் பையனிடம், எல்லாரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர்வலம் கிளம்பும் முன் அண்ணன் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. கோயில் கமிட்டில ஒத்துக்க மாட்றாங்க. சாமி முன்னால பொம்பளங்க அடிக்கிற சத்தம் கேக்கக் கூடாதாம். நீங்க மேளத்த மாட்டிக்கிட்டு முன் வரிசையில நடங்க. குச்சி தோல்ல படாம கைய மட்டும் ஆட்டுங்க. பின்னால எங்க ஆளுங்க வாசிப்பாங்க. வைபி வர்றாரு, போட்டோ எடுப்பாங்க. அடுத்த வருஷம் பேசிப் பாக்கலாம்."

எங்களில் ஒருத்தி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள், மேளத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். "போட்டோவுக்கு என் மூஞ்சி போதும்னா, பாஸ்போர்ட் போட்டோ தர்றேன், வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் போகவில்லை. மளிகைக் கடை முனையில் மட்டும் மூன்று தடவை இழுத்துவிடலாம், அதற்குள் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன்.

வாசிப்பதைவிட வாசிக்காமல் இருப்பது கஷ்டம். குச்சிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, தாளம் தப்பாமல் காற்றைத் தேய்த்துக்கொண்டு நடந்தேன். வைபி என்கிற எங்கள் சட்டமன்ற உறுப்பினர் கை தட்டினார். மக்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். மளிகைக் கடை முனை வந்தது. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான். என் கை தோலுக்கு அருகில் போய் அப்படியே நின்றுவிட்டது. கடை பின்னால் போனது.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார், "ஏன்டி, நீ வாசிக்கலையா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். விரதம் இருந்து, புடவை கட்டி, ஊரே பார்க்க ஊமைக்கூத்து ஆடிவிட்டு வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? "வாசிச்சேம்மா. மூணு தடவ இழுத்தேனே, கேக்கலையா?" என்றேன்.



இரண்டு நாள் கழித்து எங்கள் படம் பேப்பரில் வந்தது. 'தடைகளை உடைத்த பெண்கள்' என்று தலைப்பு. வெட்டி எடுத்து மண்டபத்தில் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள், அந்தத் தாள் ஒட்டியிருந்த அதே சுவரில். எதிர்வீட்டு அக்கா பேப்பரைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினார். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். படத்தில் நான் கண்ணை மூடி, குச்சியை அழுத்திப் பிடித்து, பிரமாதமாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

"விழுந்த பக்கத்துக் காதும் போச்சு போல. என்னைய கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

கூட்டிப் போனேன். டாக்டர் இரண்டு காதிலும் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். வெளியே வந்து காரில் ஏறும்போது, "சின்னப் புள்ள டாக்டரு, அதுக்கு என்ன தெரியும்? எம் பொண்ணு வாசிச்சது எனக்குக் கேக்கலயே" என்றார் அம்மா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்தேன்.

இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா இடது காதைத் தொட்டுக் காட்டி, வலது பக்கம் வந்து உட்காரச் சொல்கிறார். நானும் வலது பக்கம்தான் உட்கார்ந்து உரக்கப் பேசுகிறேன்.