வேர்வைக்குச் சம்பளம் வாங்கியவர்

உழைத்து வேர்த்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. வேர்த்ததற்கே சம்பளம் வாங்கியவர் எனக்குத் தெரிந்து அருணகிரி ஒருவர்தான்.

அவருக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம் பக்கம். மார்கழிக் காலையில் ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது, இவர் மட்டும் முதுகு நனைந்து உட்கார்ந்திருப்பாராம். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இவருடைய விடைத்தாளில் மையெல்லாம் கலைந்து கிடந்ததைப் பார்த்து, யாரோ பிள்ளை அழுதுகொண்டே எழுதியிருக்கிறது என்று வாத்தியார் இரக்கப்பட்டுப் பாஸ் போட்டார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். உண்மையோ பொய்யோ, அவர் பாஸ் ஆனதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தென்பட்டதில்லை.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தார். வெள்ளை வேட்டியைப் பிரித்துக் காட்டினால் ஐந்து விரலும் அதில் பதிந்திருக்கும். வாங்க வந்தவர்கள் வேட்டியை விட்டுவிட்டு இவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்தது ஸ்வீட் கடை. அங்கிருந்து ஏன் அனுப்பினார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பாய். ஒரு வெள்ளைக்காரர் இவர் கடலில் தவறி விழுந்து எழுந்து வந்திருக்கிறார் என்று பதறி, லாட்ஜின் துண்டையே எடுத்துப் போர்த்திவிட்டார். முதலாளிக்கு அந்த மரியாதை பிடிக்கவில்லை. அந்த வேலையும் போயிற்று.

இப்படியே உலர்ந்த வேலை எல்லாவற்றிலும் இருந்து விரட்டப்பட்டு, கடைசியில் மறைமலைநகரில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற வேலைக்கு வந்து சேர்ந்தார். இரண்டாயிரத்து நான்கில் அப்படித்தான் எங்கள் யூனிட்டுக்குள் நுழைந்தார்.

எங்கள் யூனிட் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கார் உதிரிபாகம் செய்கிற பெரிய கம்பெனிகளுக்கு நடுவே ஒரு வாடகை ஷெட், அதற்குள் ஒரு ஏ.சி. அறை, பத்துப் பன்னிரண்டு பெண்கள். நாங்கள் செய்தது வேர்வை பேட்ச். தோலில் ஒட்டிக்கொள்கிற சின்ன வட்டம். அதற்குள் ஒரு பஞ்சுத் தட்டு, அதன் அடியில் மெல்லிய இரண்டு உலோகக் கோடு. வேர்வை பஞ்சை நனைத்ததும் அதிலுள்ள உப்பு வழியாக மின்சாரம் பாயும். எவ்வளவு உப்பு உடம்பை விட்டுப் போகிறது என்று கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும். உலைக்கு முன்னால் நிற்கிற தொழிலாளி மயங்கி விழுவதற்கு முன்பே எச்சரிக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வேர்வை வேண்டுமே.

ஷ்யாம் என்ற எஞ்சினியர்தான் யூனிட்டை நடத்தினார். கல்பாக்கம் அணுபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், மெலிந்த உடம்பு. தன் கையிலேயே பேட்சை ஒட்டிக்கொண்டு குதித்துப் பார்த்தார், மாடிப்படி ஏறிப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. “வேர்க்கும் ஆள் தேவை” என்று பேப்பரில் விளம்பரமா கொடுக்க முடியும்? அந்தச் சமயத்தில்தான் அருணகிரி கேனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

“யோவ், கேன் ஒழுவுதுய்யா! தரையெல்லாம் ஈரமாவுது பாரு!” என்று கன்னியம்மா கத்தினாள். என் பக்கத்து மேஜைக்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

கேன் ஒழுகவில்லை. ஷ்யாம் கிட்டே வந்து பார்த்தார். கோயிலில் சாமி பார்க்கிறவர் மாதிரி கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரமே அருணகிரிக்கு வேலை கொடுத்துவிட்டார். சட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையிலும் முதுகிலும் பேட்சோடு, நகராத சைக்கிளில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். வேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வாழ்நாளெல்லாம் எதற்காகத் திட்டு வாங்கினாரோ அதற்காகவே அவருக்குச் சம்பளம்.

அந்தப் பேட்சுகளைச் சேர்த்துக் கட்டுவது நாங்கள் எல்லோரும். அருணகிரி உடம்பில் ஒட்டுவது மட்டும் நான். இடுக்கியால் பஞ்சை வைத்து, பசைத்தாளைச் சுருக்கமில்லாமல் அழுத்தி, ஆள் தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, விளிம்பு தூக்காமல் ஒட்ட வேண்டும். அதில் என் கை சுத்தம் என்று எனக்குப் பெருமை உண்டு. இந்த வேலை போனால் எனக்கு அண்ணன் வயல்தான் கதி. அண்ணி என்னைச் சேற்றில் இறக்கிவிடத் தயாராகக் காத்திருந்தாள். பக்கத்துக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிற ருசி கண்டவள் மறுபடி நாற்று நடக் குனிவதா?

அந்தப் பெருமையில்தான் மண் விழுந்தது. ஏ.சி. குளிரில் சும்மா உட்கார்ந்திருந்தால் அருணகிரிக்கே வேர்வை அடங்கும், கம்ப்யூட்டரில் கோடு படுத்திருக்க வேண்டும், மிதிக்க ஆரம்பித்த பிறகுதான் ஏற வேண்டும். ஆனால் நான் ஒட்டி முடிப்பதற்குள்ளேயே கோடு எழுந்து நின்றது. தினமும் அதே கதை.

“வசந்தா, உங்க விரல்ல இருக்கற உப்பு பேட்ச்ல ஏறுது,” என்றார் ஷ்யாம்.

கையுறைமேல் கையுறை போட்டேன். தோல் உரியக் கை கழுவினேன். கோடு அடங்கவில்லை. மூன்று வாரம் திட்டு வாங்கினேன். கடைசியில் ஒருநாள் கன்னியம்மாவை ஒட்டச் சொன்னார். கோடு பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. மறுபடி என்னை ஒட்டச் சொன்னார். துள்ளி எழுந்தது.

“பார்த்தீங்களா? உங்க கைதான் பிரச்சனை. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்,” என்றார்.

இடுக்கியைத் தட்டில் வீசினேன். அப்போது வயரெல்லாம் தொங்க உட்கார்ந்திருந்த அருணகிரி தொண்டையைச் செருமினார்.

“சார், அவங்க கையில ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் கீது.”

“அப்புறம் ஏன் ஏறுது?”

“அவங்க கிட்ட வந்தா எனக்கு வேர்க்குது சார். அவங்க பஸ் வர்ற சத்தம் கேட்டாலே ஸ்டார்ட் ஆயிடுது.”

கன்னியம்மாதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள், அவளைத் தொட்டு எல்லோரும். எனக்கு இடுக்கித் தட்டை எடுத்து அந்த ஆள் மண்டையில் போட வேண்டும் போலிருந்தது. வெட்கம் எல்லாம் அப்புறம். மூன்று வாரம் நான் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

ஷ்யாமுக்கோ பரம சந்தோஷம். வெயில் வேர்வை வேறு, மனசு வேர்வை வேறு, பேட்ச் இரண்டையும் பிடிக்கிறது என்று துள்ளினார். துள்ளி முடித்துவிட்டு, “ஆனா ரிசல்ட் கெட்டுப்போகுதே. எப்படி இருந்தாலும் நீங்க ஒட்ட முடியாது. மேஜை வேலைக்கும் ஆள் இருக்காங்க,” என்றார்.

“அவருக்கு வேர்க்கறதுக்கு எனக்கு வேலை போவுமா? இது இன்னா சார் நியாயம்? மாசக் கடைசி வரிக்கும் டைம் குடுங்க. அந்தக் கோட்ட நான் எறக்கிக் காட்டறேன்.”

“எப்படி?”

“தெனம் பாத்தா எதுவும் சலிச்சுப் போவும் சார். நானும் சலிச்சுப் போறேன்.”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் ஷ்யாமுக்கு அது ஒரு பரிசோதனையாகத் தெரிந்தது, ஒப்புக்கொண்டார். ஆக, என் வேலை நிலைக்க வேண்டுமானால் ஓர் ஆம்பிளைக்கு நான் அலுத்துப்போக வேண்டும். உலகத்தில் எந்தப் பொண்ணுக்கும் இப்படி ஒரு வேலை நிபந்தனை இருந்திருக்காது.

முழு மூச்சாக இறங்கினேன். தலையில் விளக்கெண்ணெய் வழிய வழியத் தடவிக்கொண்டு போனேன். அண்ணி கழித்துப்போட்ட சாயம் போன புடவையைக் கட்டினேன். கருவாட்டுக் குழம்பைத் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் பக்கத்தில் நின்று பேசினேன்.

“நெத்திலியா, சுறாவா?” என்றார் அருணகிரி. கோடு ஏறியது.

அண்ணனுக்கு மூலம் ஆபரேஷன் நடந்ததை, ஒன்று விடாமல், எந்தப் பக்கம் படுக்க முடியாது என்பது வரைக்கும் சொன்னேன். அந்த ஆள் முகத்தில் அருவருப்பே இல்லை.

“ஐயோ பாவம். தையல் பிரிச்சிட்டாங்களா? ஒக்காந்து சாப்புட முடியுதா அவரால?” என்று கேட்டார். கோடு இன்னும் ஏறியது.

“நீ கண்ணாடி முன்னால சிரிக்கற மாதிரி அவராண்ட ஒரு தபா சிரிடி. பயந்து ஓடிடுவாரு,” என்று கன்னியம்மா யோசனை சொன்னாள்.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று அண்ணன் பெண்டாட்டியே அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும். எனக்குக் கோபம் குறைந்துகொண்டே வந்தது. அது எனக்கே எரிச்சலாக இருந்தது.

மாசக் கடைசி நாள். ஸ்பிரிட் பஞ்சால் அவர் கையைத் துடைத்தேன். பஞ்சில் வெள்ளையாக என்னவோ ஒட்டிக்கொண்டு வந்தது. பவுடர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பேட்சை ஒட்டினேன். கோடு படுத்தே கிடந்தது. வேண்டுமென்றே கிட்டே நின்றேன். முதுகுக்கு ஒட்டும்போது என் மூச்சுக்கூட அவர்மேல் பட்டிருக்கும். அசையவில்லை.

“கங்கிராட்ஸ் வசந்தா, சலிச்சுப் போயிட்டீங்க! வேலை உங்களுக்குத்தான்,” என்றார் ஷ்யாம்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் எனக்கு அழுகை வந்தது. எரிகிற அடுப்பில் யாரோ தண்ணீரை ஊற்றிவிட்ட மாதிரி இருந்தது. இந்த மூஞ்சிக்கு ஒரு மாசம்தானா என்று நினைத்தேன்.

அருணகிரி சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தார். மிதித்தார், மிதித்தார், கோடு எழவே இல்லை. ஷ்யாம் வயரைப் பிடுங்கிச் செருகினார், புதுப் பேட்ச் ஒட்டச் சொன்னார், கம்ப்யூட்டரைத் தட்டினார். அருணகிரிக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்தது. கையும் முதுகும் மட்டும் வெயிலில் காய்ந்த முறம் மாதிரி இருந்தன.

எனக்குச் சட்டென்று சந்தேகம் வந்தது. அவர் முழங்கைக்குமேல் விரலால் ஒரு இழுப்பு இழுத்து, விரலை நாக்கில் வைத்தேன். பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. துவர்ப்பு நாக்கை இழுத்தது.

“படிகாரம்!”

சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதே கல். தேய்த்த இடத்தில் வேர்வை எட்டிப் பார்க்காது.

“முதுகுக்கு சலூன்காரரே தேச்சி வுட்டாரு,” என்றார் அருணகிரி, சைக்கிளில் இருந்து இறங்கிக்கொண்டே.

ஷ்யாமுக்கு வந்த கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. “ஏமாத்தறீங்களா? வேர்க்காத ஆளுக்கு இங்க என்ன வேலை? கிளம்புங்க!”

“கெளம்பறேன் சார். வேல போறது எனக்குப் பழக்கம். அவங்களுக்குப் பழக்கம் இல்ல. கோடு படுத்துக்கிச்சு இல்ல, அவங்கள வெச்சிக்கங்க.”

ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக உலர்ந்த முதுகோடு ஒரு வேலையை விட்டுப் போகிறார்.

“அவர அனுப்பாதீங்க சார்,” என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “நாளைக்கு வேர்க்கும். நானே இட்டுக்கினு போயி தேச்சிக் கழுவி வுடறேன். ஒட்டற வேலைய கன்னியம்மாவுக்குக் குடுத்துடுங்க. நான் போறேன்.”

யாருடைய கையிலிருந்தோ இடுக்கி கீழே விழுந்தது. கன்னியம்மா விசிலே அடித்துவிட்டாள்.

அருணகிரி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். ரொம்ப யோசித்தார்.

“சோப்பு போட்டா, சீக்கா போட்டா?” என்று கேட்டார்.

“செங்கல்ல போட்டு,” என்றேன்.