ராஷ்கோவின் மணிக்கட்டுப் பூட்டு

வருஷம் முழுக்கக் கழன்று விழாத கை ஆற்றில் ஆடுகிற அந்தப் பத்து நிமிஷத்தில் மட்டும் ஏன் விழுகிறது என்று ராஷ்கோ என்னிடம் கேட்டார். எனக்கு வந்த எரிச்சலை அடக்கிக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன். பொய்க்கை செய்து பொருத்துகிற வேலையில் எனக்குப் பத்தொன்பது வருஷம். என் பட்டறையிலிருந்து போன எந்தக் கையும் ஊர் பார்க்க ஆற்றோடு மிதந்து போனதில்லை. இவருடையது மட்டும் போயிருக்கிறது, ஒரு முறைக்கு இரண்டு முறை.

ராஷ்கோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மலையடிவாரத்தில் பாரன்தோல் ஊர். மீன் பண்ணையில் வேலை பார்க்கிறார். காலையில் தொட்டிக்குள் கையை விட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே எடுப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் வைக்கோல் வெட்டும் மிஷினில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மிஷின் அடைத்துக்கொண்டது என்று உள்ளே கையை விட்டிருக்கிறார். அது தெரியாமல் தம்பி மின்யோ அந்தப் பக்கத்திலிருந்து சுவிட்சைப் போட்டுவிட்டார். இது ஊருக்கே தெரியும், ஆனால் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. எனக்கும் ராஷ்கோ சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பண்ணை வேலைக்கென்றே தண்ணீர் புகாத மணிக்கட்டு ஒன்றை அவருக்குப் பொருத்திக் கொடுத்தேன். விஷயம் சுலபம். முன்கையில் மாட்டும் உறையின் முனையில் ஓர் எஃகு வளையம். கையின் அடியில் ஒரு தண்டு. தண்டை வளையத்துக்குள் நுழைத்து அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்கும். கழற்றுவதற்கு எஃகு வளையத்தின் பக்கவாட்டில் பட்டாணி அளவுக்கு ஒரு பட்டன். வாரம் ஒரு முறை கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நான் கொடுக்கிற சிலிக்கான் கிரீஸை ரப்பரில் லேசாகத் தடவ வேண்டும். அவ்வளவுதான் வேலை, ஒரு குழந்தை செய்துவிடும். ராஷ்கோ குழந்தை இல்லையே, அதுதான் தொந்தரவு.

பாரன்தோலில் ஜனவரி ஆறாம் தேதி, இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் திருநாள் அன்று ஆம்பளைகள் எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு ஐஸ் தண்ணீரில் இறங்கி, கைகோத்து ஹோரோ நடனம் ஆடுவார்கள். ராஷ்கோ பதினாறு வயதிலிருந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர். அப்பா போனபிறகு அந்த இடத்தில் இவர், இவருக்கு வலது பக்கம் மின்யோ. கை போன பிறகு மூன்று வருஷம் கரையில் பெண்களோடு நின்றார். இந்தக் கை வந்ததும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினார். கழன்றுவிட்டது. அடுத்த வருஷமும் கழன்றது. இரண்டு முறையும் கீழே மில் மதகில் இருந்து யாரோ எடுத்து வந்து கொடுத்தார்கள். ஆடியவர்களில் பெரியவர்கள் தன்மையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், வரிசை அறுந்து போகுது, ஆளுங்க வழுக்கி விழுறாங்க, நீ கரையில நின்னு மேளத்துக்குத் தலையாட்டு போதும் என்று.

"இந்தத் தடவையும் விழுந்துச்சுன்னா நான் இனிமே ஆத்துப் பக்கமே போக மாட்டேன் தங்கச்சி," என்றார் ராஷ்கோ. அக்டோபர் மாசம், என் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கையைக் கழற்றினேன். குப்பென்று அடுப்படி வாசம். ரப்பர் வளையம் ஊறிப் புடைத்துப் பிதுங்கியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். பன்றிக் கொழுப்பு.

நான் கொடுத்த கிரீஸ் எங்கே என்று கேட்டேன். தீர்ந்துவிட்டதாம், இதற்காக உங்களைப் போய்த் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டாராம். பூட்ஸுக்கும் கதவுக் கீலுக்கும் சின்ன வயசில் நெஞ்சுச் சளிக்கும் அவர்கள் வீட்டில் பன்றிக் கொழுப்புதான், அதனால் இதற்கும் போட்டாராம். ரப்பருக்கு அது விஷம் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ராஷ்கோ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கொழுப்பைத் துடைத்தேன், புது ரப்பர் போட்டேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், மூன்று டியூப் கிரீஸ் கொடுத்தேன். குற்றவாளி பிடிபட்டான் என்று நிம்மதியாக அனுப்பி வைத்தேன்.

டிசம்பர் பாதியில் போன். ஊர் மன்றத்தில் ஆடிப் பழகும்போது, தண்ணீரே இல்லாத தரையில், கை கழன்று மேளக்காரர் காலடியில் போய் விழுந்ததாம். "கொழுப்பு போடலம்மா, சத்தியமா," என்றார் முதலில். அப்புறம் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல், பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன், வளையம் செய்த கம்பெனியைத் திட்டினேன், ஜனவரியில் ஆற்றில் இறங்க வேண்டும் என்று எவன் கண்டுபிடித்தானோ அவனையும் திட்டினேன். அவர் மனைவி கொண்டுவந்து வைத்த சூடான கோஸ் சூப்பைக்கூடத் தொடாமல் பூட்டைச் சோதித்தேன். ரப்பர் சுத்தமாக இருந்தது. தண்டு தேயவில்லை. கையில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டுக் கால் மணி நேரம் அவரை நிற்க வைத்தேன். அசையவில்லை. பிறகு நானே அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினேன். எழுபத்தெட்டு கிலோ. ராஷ்கோதான் சாய்ந்தார், கை சாயவில்லை.

"பூட்டுல ஒரு குறையும் இல்லை," என்றேன். "வாங்க, ஆடிக் காட்டுங்க."

மன்றத்தில் இருபது ஆம்பளைகள் ராக்கியாச் சாராய வாசத்தோடு வரிசை கட்டினார்கள். ஏம்மா, கையோட சேர்த்து எங்க காலையும் பார்த்துடுங்க, நேரா நிக்க மாட்டேங்குது என்று ஒருவர் கிண்டலடித்தார். எனக்குச் சிரிக்கிற மனநிலை இல்லை. மேளம் தொடங்கியது. நான் வரிசைக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, ராஷ்கோவின் மணிக்கட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு, அவர்கள் நகர நகர நண்டு மாதிரி நகர்ந்தேன்.

மூன்றாவது சுற்றில் பார்த்துவிட்டேன். வரிசையில் எல்லாரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்திருந்தார்கள். மின்யோ மட்டும் அண்ணன் கையைப் பிடிக்கவில்லை. கைக்கு மேலே எஃகு வளையத்தைப் பிடித்திருந்தார். நடை சூடு பிடித்து, குதிக்கிற இடம் வந்ததும் பிடியை இறுக்கினார். கட்டைவிரல் நேராகப் பட்டன்மேல் அழுந்தியது.

கை தரையில் விழுந்தது.

மேளத்தை நிறுத்தச் சொன்னேன். எனக்கு இருந்த ஆத்திரத்தில் இடம் பொருள் பார்க்கவில்லை. இரண்டு மாசமாக ரப்பரையும் ஸ்பிரிங்கையும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தனாவது பிடிக்க வேண்டியதைப் பிடித்திருந்தால் இது விழுந்திருக்குமா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். "கை கொடுத்தா கையைப் பிடிக்க மாட்டீங்களா?"

மின்யோ முகம் வெளுத்துப்போனது. ஐம்பது வயது ஆள், கீழே கிடந்த கையைப் பார்த்தபடி நின்றார்.

"அதை எப்படிம்மா நான் பிடிப்பேன்," என்றார்.

என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சுவிட்சைப் போட்டது யார் என்று காகிதத்தில் படித்தவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் பூட்டைத்தான் பார்த்தேன்.

குனிந்து கையை எடுத்தேன். சொல்ல வேறு ஒன்றும் இல்லாததால் வேலையைப் பேசினேன். பட்டன் இருக்கிற பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பிவிடலாம், பத்து நிமிஷ வேலை, அப்புறம் யார் எங்கே பிடித்தாலும் விழாது என்றேன். மின்யோ நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் எவ்வளவு நிம்மதி என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் ஸ்குரூ டிரைவரைத் தேடத் தொடங்கினேன்.

"வேண்டாம்," என்றார் ராஷ்கோ.

"அண்ணே, பத்தே நிமிஷம்."

"பட்டன் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்." தம்பியைப் பார்க்காமலே சொன்னார். கையை என்னிடமிருந்து வாங்கி, தானே மாட்டி, கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மின்யோ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அன்றைக்கு ஒத்திகை நடக்கவில்லை. சோதிக்கிற வேலை எல்லாம் செய்தாகிவிட்டது, கோளாறு என்ன என்றும் தெரிந்துவிட்டது, சரிசெய்யத்தான் விடமாட்டேன் என்கிறார். ஊர் திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

ஜனவரி ஆறாம் தேதி எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் போனேன். ஆற்றோரம் ஐஸை உடைத்து வழி விட்டிருந்தார்கள். பாதிரியார் ஜபத்தை முடித்ததும் ஆம்பளைகள் கரையில் வரிசை கட்டினார்கள். ராஷ்கோ தன் இடத்தில் நின்றார். வலது பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. அதற்கு அந்தப் பக்கம் நின்றவர் நகர்ந்து வந்து அதை மூடவும் இல்லை.

மின்யோ கடைசியாக வந்தார், சட்டைப் பொத்தான்கூடச் சரியாகப் போடாமல். இடைவெளியில் நின்றார். மேளம் அடிக்கத் தொடங்கியது. ராஷ்கோ எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில் உணர்ச்சி கிடையாது. யார் தொட்டாலும், எங்கே தொட்டாலும், அவருக்குத் தெரியப் போவதில்லை. திரும்பிப் பார்த்தால் தெரியும், ஆனால் அவர் பார்க்கவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில்தான், கரைச் சேற்றில் நின்றிருந்தேன்.

"தங்கச்சி," என்றார் மெதுவாக, தலையைத் திருப்பாமல். "எங்கே பிடிச்சிருக்கான்?"

குனிந்து பார்த்தேன். மின்யோவின் விரல்கள் ரப்பர் விரல்களுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்திருந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"கையைத்தான் அண்ணே."

"இறுக்கியா?"

"இறுக்கித்தான்."

ராஷ்கோ தண்ணீரில் காலை வைத்தார்.